நன்றிக்குப் பின்னால் ஒரு ஸ்லைடு

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போடுகிறவர்களை ஸ்லைடக்கா மனிதப் பிறவியாகவே மதிப்பதில்லை. "இதை யாருக்குப் போட்டே? உனக்கா, கேக்க வந்தவங்களுக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அப்புறம் திட்டு விழும். திட்டி முடித்ததும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அவளே உட்கார்ந்து திருத்தியும் கொடுப்பாள். பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவி. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் அது அவளுக்கே ஞாபகம் வரும். மற்றபடி எல்லோருக்கும் அவள் ஸ்லைடக்காதான்.

புராஜெக்ட் ரிவ்யூ நெருங்கிவிட்டால் போதும், கேன்டீனில் அவள் மேஜையைச் சுற்றி ஈயாய் மொய்ப்பார்கள். ஒருத்தன் பாடப்புத்தகத்தையே பக்கம் பக்கமாக ஸ்லைடில் ஏற்றிக்கொண்டு வருவான். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்பாள். இன்னொருத்தியின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து, குட்டிக்கரணம் அடித்து, உட்காரும். "புராஜெக்ட் காட்டப் போறியா, சர்க்கஸ் காட்டப் போறியா?" இப்படிச் சிரிக்கச் சிரிக்கத் திட்டுவாள். திட்டு வாங்கியவர்களும் மதிப்பெண் வாங்கிய பிறகு வந்து டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அவளுக்கென்று சில விதிகள் உண்டு. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். படம் பெரிதாக, வார்த்தை குறைவாக. காலி வகுப்பறையில் திரையை ஓடவிட்டுக் கடைசி வரிசையில், கதவோரத்தில் போய் நிற்பாள். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்துக்கு ஸ்லைடில் இடமில்லை. "கடைசி வரிசையில உக்காந்திருக்கறவன் தூங்கத்தான் வந்திருக்கான். அவனையும் எழுப்பணும்" என்பாள். பேசுகிறவரை நடுவில் மாற்றக் கூடாது. ஆளுக்கு ரெண்டு ஸ்லைடு என்று பங்கு போட்டு மைக்கைக் கை மாற்றிக்கொள்வது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஸ்லைடு பேசக் கூடாது, ஆள்தான் பேச வேண்டும். "ஸ்லைடைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னா நீ எதுக்கு அங்க நிக்கிறே, திரைக்கு முட்டுக் குடுக்கவா?" விளக்கம் முழுவதும் ஸ்லைடுக்குக் கீழே குறிப்பாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு பேசுகிறவரின் லேப்டாப்பில் மட்டும் தெரியும், திரையில் தெரியாது.

அருமையான விதிகள்தான். குறை சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் பலித்தது, அவளுக்கு மட்டும்தான் வினையாகப் போனது.

இவ்வளவு தெரிந்தவள் தானே மேடையேறிப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதிரே உட்கார வைத்துத் திட்டச் சொன்னால் துறைத் தலைவியையே திட்டுவாள். ஆனால் வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தாள். "அனைவருக்கும் வணக்கம்" வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். பின் வரிசையிலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் "வணக்கம், வணக்கம்" என்று இரண்டு வணக்கத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். அறையே சிரித்தது. அன்றைக்கு இறங்கியவள்தான், அப்புறம் மேடையில் அவள் இடம் ஓரத்து நாற்காலி, கையில் ஒரு ரிமோட், பேசுகிறவருக்காக ஸ்லைடைத் தள்ளிவிடும் வேலை.

பேசுவதற்கு அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். விடுதியில் ஒரே அறை, முதல் வருஷத்திலிருந்து. பெயர் வானொலி, அதுவும் பட்டப்பெயர்தான். கடையில் உப்பு என்ன விலை என்று சொன்னாலும் நின்று கேட்கத் தோன்றும், அப்படி ஒரு குரல், அப்படி ஒரு ஏற்ற இறக்கம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தது. ஸ்லைடக்கா எழுதிக் கொடுப்பாள், வானொலி பேசுவாள். மூன்று வருஷமாக இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் நல்ல பெயர்தான். தனித்தனியாக யாருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு மூன்று பேர் குழு. மூன்றாமவனுக்கு விருந்தாளி என்று பெயர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். ரிவ்யூ அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முன்னால் நிற்பான். மற்ற நாளில் அவன் இருக்கிற இடம் தெரியாது. அவனைப் பற்றி இப்போதைக்கு இது போதும்.

திட்டம் என்னவென்றால், கட்டடத்துக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதைச் சுவரை உடைக்காமல், சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஒரு சின்னக் கருவி. குழாயில் ஒரு மைக்கைக் கவ்வவிட்டால் அது கேட்டுச் சொல்லும். யோசனை ஸ்லைடக்காவுடையது. சாமான் வாங்கியது, ஒட்டவைத்தது, நிரல் எழுதியது, கை சுட்டுக்கொண்டது எல்லாம் அவள்தான். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது, ஒரே ஒரு கோளாறு: மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஓட ஆரம்பித்தால், கட்டடம் முழுக்க எல்லாக் குழாயும் கசிகிறது என்று கத்தும்.

அதைச் சரி செய்ய அவள் விடுதியின் மோட்டார் அறையிலேயே குடியிருந்தாள். மதிய நேரம், எல்லோரும் தூங்குகிற வேளை. ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, குழாயில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடப்பாள். ஒருநாள் வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். கண் மூடித் தரையில் கிடக்கிற பெண்ணைக் கண்டதும், "ஐயையோ, பொண்ணு மயங்கிடுச்சே" என்று அலறி, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே மூஞ்சியில் ஊற்றினார். அவள் துள்ளி எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மைக் நனைஞ்சிடுச்சா?" என்பதுதான். அந்த வாரத்திலேயே அவளுக்கு வழி பிடிபட்டது. மோட்டாரின் உறுமல் சீப்புப் பல் மாதிரி. குறிப்பிட்ட சுருதிகளில் மட்டும், சம இடைவெளி விட்டு நிற்கும். கசிவின் 'உஸ்' அப்படி இல்லை, எல்லாச் சுருதியிலும் பரவிக் கிடக்கும். பல்லைப் பிடுங்கிவிட்டு மீதி இருப்பதைப் பார்த்தால் போதும். அன்று சாயங்காலம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி ஒரே ஒரு குழாயைக் காட்டியது. போய்ப் பார்த்தால், குளியலறைச் சுவருக்குப் பின்னால் நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தது. அவள் தனியாக நின்று கைதட்டிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது. துறைத் தலைவி, வகுப்புக்கு வந்தால் கரும்பலகையைத் தானே துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார், அப்படி ஒரு கறாரான அம்மாள். இறுதி ரிவ்யூவைப் பார்த்து, ஒரே ஒருவரை ஒலி ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மேற்படிப்பும் அங்கேயே, வேலையும் அங்கேயே.

ஸ்லைடக்காவுக்கு அந்த இடம் வேண்டும். சும்மா வேண்டும் என்றில்லை, உயிராக வேண்டும். அந்த ஆய்வகத்தில் சத்தமே நுழையாத அறை ஒன்று உண்டு. முதல் வருஷத்தில் சுற்றிக் காட்டியபோது உள்ளே நின்று பார்த்தாள். கதவைச் சாத்தியதும் தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்டது. மற்ற பிள்ளைகள் பயந்து வெளியே ஓடிவிட்டார்கள். இவளை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஆசைப்பட்ட இடம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அப்பா போனில் சொல்லியிருந்தார்.

"கிடைச்சா படிம்மா, நான் குறுக்க நிக்கல. கிடைக்கலைன்னா வேற பேச்சில்ல. சித்தப்பா கம்பெனியில சொல்லி வெச்சிருக்கேன், வந்து சேர்ந்துடணும்."

"கிடைக்கும்ப்பா."

"கிடைச்சா சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

வானொலியிடமும் உடைத்துச் சொல்லிவிட்டாள். "எனக்கு அந்த லேப்ல இடம் வேணும்டி. நீ பேசு. ஆனா கேள்வி நேரம் என்னோடது. கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன்."

"இதைச் சொல்லணுமாடி? எல்லாம் நீதானே பண்ணே. நான் வெறும் குழாய், தண்ணி உன்னோடது" என்றாள் வானொலி. பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னாள்.

ஸ்லைடு வேலை ஆரம்பமாயிற்று. எடுத்ததும் ஒரு கதை இருந்தால்தான் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது ஸ்லைடக்காவின் கட்சி. மோட்டார் அறைக் கதையைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? முதல் ஸ்லைடில் ஒரு வாளி. அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. குறிப்பைப் படித்துப் பார்த்த வானொலி தயங்கினாள்.

"இதுல 'நான் படுத்திருந்தேன்'னு இருக்கு. 'என் ஃபிரெண்டு படுத்திருந்தா'ன்னு சொல்லட்டுமா?"

"சப்புன்னு போயிடும்டி. யாரோ ஒருத்தி மேல தண்ணி ஊத்தினா அவங்களுக்கு என்ன? அங்க நிக்கிறவ மேல ஊத்தினாத்தான் சிரிப்பாங்க. 'நான்'னே சொல்லு."

"ஒரு மாதிரி இருக்காதா?"

"கதைதானே. சொல்லு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று கேட்டால் இதைக் காட்டலாம். இது போதாதென்று இன்னொன்றும் செய்தாள். குழுவில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது துறையின் விதி. எல்லோரும் அதைத் தொடக்கத்தில் வைப்பார்கள். ஸ்லைடக்காவுக்கு அது கண்ணை உறுத்தியது. "யாருக்குடி வேணும் நம்ம பேரு? நல்லாப் போயிட்டு இருக்கறப்ப நடுவுல ரேஷன் கார்டை நீட்டற மாதிரி இருக்கு" என்று அதைத் தூக்கி, 'நன்றி' ஸ்லைடுக்கும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டாள். நன்றிக்குப் பின்னால்தான் அவள் வழக்கமாகக் கேள்விகளுக்கான ஸ்லைடுகளை ஒளித்து வைப்பாள்: என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் குறிப்பும். அந்தச் சீப்புப் படமும் அங்கேதான் இருந்தது. பெயர்ப் பட்டியல் அதற்கும் பின்னால் போய்விட்டது.

ரிவ்யூ நாள் வந்தது. ஸ்லைடக்கா காலையிலேயே அறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கேபிளைச் சொருகி, கடைசி வரிசையில் நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் போன குழுவின் எழுத்தெல்லாம் வேறு கணினியில் திறந்ததும் கட்டம் கட்டமாக மாறி, பாவம், ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்லைடக்காவின் கோப்பில் அந்தச் சங்கடம் வருமா? வராது. எழுத்து வடிவத்தையும் கோப்புக்குள்ளேயே கட்டி வைத்திருந்தாள்.

வானொலி எழுந்தாள். திரையில் வாளி.

"நான் ஒரு நாள் மத்தியானம் மோட்டார் ரூம்ல, ஈரத் தரையில, கண்ணை மூடிப் படுத்திருந்தேன்..."

எதிரே தலைகள் நிமிர்ந்தன. வாட்ச்மேன் அலறுகிற இடத்தில் வானொலி ஒரு நொடி நிறுத்தினாள். குறிப்பில் 'இங்கே நிறுத்து' என்று எழுதியிருந்தது. வாளி கவிழ்ந்ததும் அறை குலுங்கிச் சிரித்தது. துறைத் தலைவியே சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஓரத்து நாற்காலியில் ஸ்லைடக்காவும் சேர்ந்து சிரித்தாள், தன் கதையைத் தானே புதிதாகக் கேட்பவள் மாதிரி. எவ்வளவு நன்றாகச் சொல்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடும் தூக்கிக் கொடுக்க, வானொலி வாங்கி வாங்கிப் பேசினாள். நன்றி ஸ்லைடு வந்ததும் கைதட்டல்.

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த மோட்டார் ரூம்ல படுத்திருந்தது நீங்கதானா?" என்று வானொலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

வானொலியின் கண் ஒரு கணம் ஸ்லைடக்கா பக்கம் வந்தது, திரும்பிப் போனது.

"ஆமா மேடம்."

இது குறிப்பில் இல்லை. இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஸ்லைடக்கா யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நல்லது. அப்ப இதைச் சொல்லுங்க. மோட்டார் ஓடறப்ப அந்தச் சத்தத்தையும் கசிவுன்னு காட்டாதா? ரெண்டையும் எப்படிப் பிரிச்சீங்க?"

இதுதான் அவள் காத்திருந்த கேள்வி. இதற்காகத்தான் ஈரத் தரையில் கிடந்தாள். வானொலிக்குப் பதில் தெரியாது. அவள் திரும்பிப் பார்த்தாள். கூடவே துறைத் தலைவி, மற்ற ஆசிரியர்கள், பின் வரிசைக்காரர்கள் எல்லோருமாகத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள். ஸ்லைடக்கா எழுந்திருக்கத்தான் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. எங்கிருந்தோ 'வணக்கம், வணக்கம்' என்று கேட்பது போல இருந்தது.

தன் ஸ்லைடுக்கு முன்னால் ஒருத்தி பேச்சில்லாமல் தவித்துக்கொண்டு நிற்பதை அவள் இதுவரை பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. அந்தப் பாழாய்ப்போன விரல், வாய்க்கு முந்திக்கொண்டது. தானாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தியது.

சீப்புப் படம் திரையில் விரிந்தது. வானொலியின் லேப்டாப்பில் குறிப்பும் விரிந்தது.

"நல்ல கேள்வி மேடம்" என்று வானொலி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "மோட்டார் சத்தம் ஒரு சீப்பு மாதிரி..." அப்புறம் கேட்க வேண்டுமா? பல்லைப் பிடுங்குகிற இடத்தில் கையால் பிடுங்கியே காட்டினாள். துறைத் தலைவி பக்கத்திலிருந்தவரிடம் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். "போதும், ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். பெயர்ப் பட்டியல் அந்தச் சீப்புக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

வெளியே போகும்போது துறைத் தலைவி ஸ்லைடக்காவிடம் ஒரு வார்த்தை நின்று சொன்னார். "ஸ்லைடு பண்ணது நீங்களா? கலரெல்லாம் அழகா இருக்கு. துறை மலருக்கு அட்டைப் படம் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் வானொலியின் பெயர் இருந்தது. பட்டப்பெயர் இல்லை, சொந்தப் பெயர்.

ஸ்லைடக்கா நேரே துறைத் தலைவியின் அறைக்குப் போனாள். ஒருத்தரிடம் பேச அவளுக்கு என்ன பயம்? கதவைத் தட்டி, உள்ளே போய், படபடவென்று சொல்லிவிட்டாள். மோட்டார் அறையில் படுத்தது நான். கருவி நான். நிரல் நான். பேசியதும் நான் எழுதிக் கொடுத்தது.

துறைத் தலைவி முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"காலையில உங்க குழுப் பையன் ஒருத்தன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. எல்லாம் நான்தான் பண்ணேன் மேடம், அவங்க ரெண்டு பேரும் சும்மா இருந்தாங்கன்னு இதே நாற்காலியில உக்காந்து சொன்னான். இப்ப நீங்க வந்திருக்கீங்க."

"மேடம், அவன்..."

"ஒவ்வொரு வருஷமும் பலகையில பேர் போட்ட மறுநிமிஷம் இப்படி வருவாங்கம்மா. நான் எதை நம்பட்டும்? யார் என்ன பண்ணாங்கன்னு ஸ்லைடு வைக்கச் சொன்னோம், உங்ககிட்ட அது வரவே இல்லை. சரி, போகட்டும்." பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குத்தான் பதில் தெரியும்னா, நான் கேள்வி கேட்டப்ப நீங்க ஏன் எழுந்திருக்கல?"

ஸ்லைடக்கா வாயைத் திறந்தாள். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வகத்தில் சேர வருகிறவள் சொல்கிற பதிலா அது? மூடிக்கொண்டாள்.

"முடிவு மேல போயாச்சும்மா. வேற எங்கயாவது முயற்சி பண்ணுங்க" என்றார் துறைத் தலைவி. நல்ல மனுஷிதான். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதை எங்கே போய்ச் சொல்லி அழ.

விடுதி அறையில் ஸ்லைடக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வானொலி வாசலில் வந்து நின்றாள். இரண்டு நாளாக அவள் பக்கத்து அறையில்தான் படுத்துக்கொள்கிறாள்.

"என் மேல கோவமாடி?"

ஸ்லைடக்கா ஒரு துப்பட்டாவை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் என்ன பண்ணட்டும்? அத்தனை பேர் எதிர்ல, 'இல்ல மேடம், இவ்ளோ நேரம் பொய் சொன்னேன்'னு எப்படிச் சொல்றது? நீதானேடி 'நான்'னு சொல்லச் சொன்னே?"

"கதைக்குச் சொல்லச் சொன்னேன்" என்றாள் ஸ்லைடக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேடம் மூஞ்சியைப் பார்த்து நீதானான்னு கேட்டப்ப, ஆமான்னு சொல்ல யாரு எழுதிக் குடுத்தா?"

வானொலி கதவுத் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டு நின்றாள். அழுதாள், நிஜமான அழுகைதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் போகாமல் நின்றாள். அவள் வந்த காரியம் இன்னும் முடியவில்லை.

"அடுத்த வாரம் லேப்ல எல்லார் முன்னாடியும் இதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நீ ஸ்லைடெல்லாம் பண்ண வேண்டாம், இருக்கறதே போதும். அந்தச் சீப்புப் படம் மட்டும்... பல்லைப் பிடுங்கறப்ப, அந்த இடத்துல இருக்கற கசிவுச் சத்தமும் சேர்ந்து போயிடாதான்னு யாராவது கேட்டா என்னடி சொல்றது?"

நல்ல கேள்வி. பதிலும் அழகான பதில். ஸ்லைடக்காவின் கண் ஒரு நிமிஷம் பளிச்சென்று ஆனது. கை தன்னை அறியாமல் லேப்டாப்பின் பக்கம் நீண்டது. ஒரு படம் போட்டால் போதும், பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தே பழகிய கை. அதை அவள் பாதியிலேயே இழுத்துப் பெட்டியின் மூடி மேல் வைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"தெரியாதா உனக்கு?"

"தெரியும். சொன்னா நீ என்னைவிட நல்லாச் சொல்லிடுவே. அதான் சொல்லல."

வானொலி போய்விட்டாள். ஸ்லைடக்கா பெட்டியை மூடப் பார்த்தாள், மூடவில்லை. அந்தக் கருவியை மேலாக வைத்திருந்தாள், மைக்கின் கவ்வி துருத்திக்கொண்டு நின்றது. உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரைத் திட்டுவது என்று தெரியாத அழுகை. தோழியைத் திட்டினால் தன் எழுத்து குறுக்கே வந்தது. தன்னைத் திட்டினால் அந்த "ஆமா மேடம்" குறுக்கே வந்தது.

போன் அடித்தது. அப்பா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"விஷயம் கேள்விப்பட்டேன்ம்மா. போகட்டும் விடு. எல்லாம் நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கோ." குரலில் கொஞ்சம் சந்தோஷமே இருந்தது, மறைக்கத் தெரியாத மனுஷர். "சித்தப்பா இப்பத்தான் பேசினான். உனக்குன்னே ஒரு வேலை பார்த்து வெச்சிருக்கானாம். நீ இந்த ஸ்லைடு கிலைடு எல்லாம் நல்லாப் பண்ணுவேன்னு சொல்லியிருக்கான். அவங்க மேனேஜர் மீட்டிங் மீட்டிங்கா போய்ப் பேசறவராம். அவருக்குப் படம் போட்டு, என்ன பேசணும்னு எழுதிக் குடுக்க ஒரு ஆள் வேணுமாம். நீ எங்கயும் பேச வேண்டாம், கூடப் போய் பட்டனை அமுக்கினாப் போதும். திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. என்னம்மா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"ஏன் ஒரு மாதிரி பேசறே?"

ஸ்லைடக்கா கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இப்போது மூடி சுலபமாக மூடிக்கொண்டது.

"அவரு நல்லாப் பேசுவாராப்பா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறே! ரொம்ப நல்லாப் பேசுவாராம்மா."